தாத்தா, நீங்க என்ன செஞ்சீங்க?

தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை நம் சங்க வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இது நடந்திருக்கும், அல்லது நடக்கப் போகிறது.

என் பேத்தி (மகள் வயிற்றுப் பேத்தி) நாக்பூரில் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருப்பதால் எங்களோடு தங்கியிருக்கிறாள். அவள் பெற்றோர் புனேயில் இருக்கிறார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. அன்றிரவு தொலைக்காட்சியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பேத்தி எழுந்துபோய் அதை அணைத்தாள்.

"யார் வந்தாலும் இதேதான் தாத்தா. நாம என்ன பண்ணினாலும் ஒண்ணும் மாறப் போறதில்ல. நான் ஓட்டர் லிஸ்ட்ல பேரே சேர்க்கப் போறதில்ல."

"அப்படியெல்லாம் பேசக்கூடாதும்மா. நாடே உங்க தலைமுறை கையிலதான் இருக்கு" என்று நான் ஆரம்பித்தேன். சுதந்திர தின விழாவில் பேசுகிற தோரணை எனக்கே தெரிந்தது. அவள் குறுக்கிட்டாள்.

"சரி தாத்தா, என் வயசுல நீங்க என்ன செஞ்சீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் கையில் எடுத்த மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அன்று இரவு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாய் மூடிய வருடங்கள்

பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. சிவில் டிப்ளமா முடித்து 1979-இல் இரயில்வேயில் பாதைப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தேன். ஆம்லா, பேதூல், வார்தா, பல்ஹார்ஷா என்று ஊர் ஊராக மாறி, கடைசியில் நாக்பூரில் ஓய்வு பெற்றேன். அரசு ஊழியன் அரசியலில் ஈடுபடக்கூடாது என்று 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. அது நியாயமான விதிதான். ஓட்டுப் போடுவதையோ, வீட்டில் பிள்ளைகளோடு நாட்டு நடப்பைப் பேசுவதையோ அந்த விதி தடுக்கவில்லை. ஆனால் நான் விதியைவிட ஒரு படி மேலே போய், வீட்டிலும் வாயை மூடிக்கொண்டேன். அது வசதியாகவும் இருந்தது. என் மகள் சிறுமியாக இருந்தபோது ஏதாவது கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு, கணக்கைப் போடு" என்பேன்.

நம் ஊர்ப் பக்கம் டீக்கடையிலும் சவரக் கடையிலும் "இங்கு அரசியல் பேசக்கூடாது" என்று எழுதி மாட்டியிருப்பார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் முக்கியம். பெஞ்சு உடையக்கூடாது. அதே பலகையை நாம் வீட்டுக்குள்ளும் மாட்டிவிட்டோம். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான் முதல் விதி. காலை வணக்கம் அனுப்பலாம், கோயில் படம் அனுப்பலாம், ஆனால் குடிதண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டால் "அரசியல் வேண்டாமே" என்று ஒருவர் வந்துவிடுவார்.

இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்கு அரசியல் என்றால் தொலைக்காட்சியில் கத்துகிற எட்டுப் பேர் மட்டும்தான். வேறு எதை நாம் காட்டினோம்?

என் தாத்தா சொன்ன கணக்கு

இரண்டு நாள் யோசித்த பிறகு, பேத்தியின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருப்பது நினைவுக்கு வந்தது. அது நான் செய்தது அல்ல, கேட்டது.

1974 மே மாதம். எனக்குப் பதினேழு வயது. அப்பா பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டர். மே 8-ஆம் தேதி நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 இலட்சம் தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம் அது. வேலை நேரம், போனஸ், சம்பளம் என்று கோரிக்கைகள். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் போராட்டம் தொடங்குமுன்பே கைதாகிவிட்டார். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அப்பா வேலைக்குப் போகவில்லை, வீட்டிலும் இருக்கவில்லை. எங்கே இருக்கிறார் என்று அம்மாவுக்கே தெரியாது. அரிசிப் பானையின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. இருபது நாட்களில், மே 27-ஆம் தேதி, எந்தக் கோரிக்கையும் நிறைவேறாமல் போராட்டம் கைவிடப்பட்டது. அப்பா இளைத்துப்போய்த் திரும்பி வந்தார், யாரோடும் பேசவில்லை.

நான் திண்ணையில் தாத்தாவிடம் கேட்டேன்: "தோத்துட்டோமா தாத்தா?"

அன்று அவருக்கு வயது அறுபத்தெட்டு. இன்று எனக்கும் அதே வயதுதான். அவர் நாகப்பட்டினம் பணிமனையிலிருந்து பொன்மலைக்கு வந்தவர். பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியபோது நடந்த ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் தென்னிந்திய இரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றார்கள். போராட்டம் முறிந்தது. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டுக்கும் தாத்தா சாட்சி.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "ஆமாண்டா, தோத்துட்டோம். இருபத்தெட்டுலயும் தோத்தோம். ஆனா இருபத்தெட்டுல நாங்க கேட்டப்ப சிரிச்சானே, அதுல பாதி இன்னிக்கு உங்கப்பனுக்குக் கிடைச்சிருக்கு. எழுதி வச்சுக்கோ. இதுவும் ஒருநாள் வரும். எனக்கு வராது" என்றார்.

அவருக்கு வரவில்லைதான். 1976-இல், நெருக்கடி நிலை அமலில் இருக்கும்போதே காலமானார். 1977-இல் ஆட்சி மாறியது. மது தண்டவதே இரயில்வே அமைச்சரானார். வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். (இரண்டாம் வகுப்பு மரப்பலகைப் படுக்கைக்கு மெத்தை போட்டவரும் அவர்தான். ஜி.டி. எக்ஸ்பிரஸில் முதுகு வலிக்காமல் சென்னைக்குப் போய்வரும் நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.) 1979-இல் இரயில்வே ஊழியர்களுக்கு உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ் வந்தது. தோற்றுப்போன போராட்டத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று, ஐந்தே வருடத்தில். அப்பா முதல் போனஸில் பாட்டிக்கு ஒரு சேலை வாங்கினார். தாத்தாவின் படத்துக்கு முன் அதை வைத்து எடுத்த பிறகுதான் பாட்டி கட்டிக்கொண்டார்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் கேட்ட கேள்விகள் அரை மணி நேரம் ஓடின. "உங்க தாத்தாவுக்கு பயமா இல்லையா?" "உங்கம்மா அந்த இருபது நாள் என்ன சாப்பிட்டாங்க?" இத்தனை வருடத்தில் என் மகளுக்குக்கூட நான் இதைச் சொன்னதில்லை. அது என் தவறு.

பாட்டி கட்சி

நான் இப்படிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கையில் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். "தாத்தா அவரோட தாத்தா கதையைத்தான் சொல்லுவார். என் கதையைச் சொல்ல மாட்டார்" என்றார்.

1988 கோடைகாலம். நாங்கள் இருந்த சிறிய இரயில்வே குடியிருப்பில் பதினோரு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு அதிகாரி அலுவலக வாசலில் போய் உட்கார்வது என்று முடிவு செய்தார்கள். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி என்று பதினாறு வீடுகள். நான் என் மனைவியைப் போகக்கூடாது என்று தடுத்தேன். "என் பதவி உயர்வு இருக்கிறது" என்றேன். அவர் போய்விட்டார். இடுப்பில் நான்கு வயது மகள், கையில் குடம். மாலைக்குள் டேங்கர் வந்தது. அடுத்த வாரம் பம்ப் சரியானது. என் பதவி உயர்வுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்" என்று முடித்தார் பாட்டி.

"அம்மியே நான் பார்த்ததில்லையே பாட்டி" என்றாள் பேத்தி. மிக்ஸிக் காலத்துப் பிள்ளை!

பழைய தோல்விகளையும் சின்ன வெற்றிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவது எதற்காக? ஒன்றும் மாறாது என்ற எண்ணம் பெரும்பாலும் அளவுகோல் குட்டையாக இருப்பதால் வருவது என்று எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டு வயதில் ஒரு வருடம் என்பது மிக நீளம். நமக்குப் பின்னால் அறுபது வருடம் இருக்கிறது. நாம் கேட்ட கதையையும் சேர்த்தால் நூறு வருடம். அந்த நீண்ட கோலை நாம்தான் அவர்கள் கையில் கொடுக்க முடியும். ஆனால் "பொறுமையாக இரு, எல்லாம் தானாகச் சரியாகும்" என்று சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. எதுவும் தானாகச் சரியாகவில்லை. பதினாறு வீட்டுப் பெண்கள் போய் உட்கார்ந்ததால்தான் டேங்கர் வந்தது.

ஐந்து விளக்குகள்

பேசினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். பேத்தியும் அதைத்தான் கேட்டாள். எங்கள் தெருமுனையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஐந்து தெருவிளக்குகள் மாதக்கணக்கில் எரியவில்லை. கல்லூரியிலிருந்து இருட்டிய பின் வரும் பெண்கள் கைபேசி வெளிச்சத்தில் நடந்து வருவார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) நான் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன்.

தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதலாமே என்றேன். அந்தச் சட்டத்தின் வரலாற்றையும் சொன்னேன். இராஜஸ்தானில் கூலி வேலை செய்த கிராம மக்கள், தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலிக் கணக்கைக் காட்டு என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். 1997-இல் தமிழ்நாடுதான் முதல் மாநிலமாக இதற்கு ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தரவேண்டும்.

மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், நூற்றைம்பது சொற்களுக்குள் இருக்கவேண்டும். நாற்பத்தைந்து வருடம் இந்த மாநிலத்தோடு உறவாடியும் என் மராத்தி எழுத்து ஒழுங்காக வராது. புனேயில் படித்த பேத்தி எழுதினாள். நான் என்ன கேட்பது என்று சொன்னேன். "விளக்கை ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. இந்த ஐந்து கம்பங்கள் கடைசியாக எந்தத் தேதியில் பழுது பார்க்கப்பட்டன? பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம்? கடந்த பன்னிரண்டு மாதத்தில் கொடுத்த தொகை எவ்வளவு? பதிவேட்டில் இருக்கவேண்டியதை மட்டும் கேட்டோம். வருடக்கணக்கில் பதிவேடு எழுதியவனுக்கு, பதிவேட்டில் எது இருக்கும் என்று தெரியும்.

முப்பது நாளில் பதில் இல்லை. நாற்பத்தொன்றாம் நாள் அரைகுறையாக ஒன்று வந்தது. முதல் மேல்முறையீடு செய்தோம். அது விசாரணைக்கு வருமுன்பே ஒரு மாலை ஏணி வைத்த வண்டி வந்தது. ஐந்தில் மூன்று விளக்குகள் எரிந்தன. பேத்தி பால்கனியிலிருந்து, "தாத்தா, மூணு!" என்று கூவினாள்.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த மூன்றில் ஒன்று போன வாரம் மறுபடி அணைந்துவிட்டது. எனக்கு இது புதிதல்ல. இரயில்பாதையில் கீமேன் என்று ஒரு ஊழியர் உண்டு. சுத்தியலும் ஸ்பேனரும் கொடியுமாக ஐந்தாறு கிலோமீட்டர் தினமும் நடப்பார். நேற்று இறுக்கிய சாவி இன்று தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குவார். நேற்றுத்தானே இறுக்கினோம் என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், வண்டி ஓடாது.

பேரப் பிள்ளைகள் நமக்குத் தருவது

கையாலாகாத்தனம் இளைஞர்களுக்கு மட்டும் உரியதல்ல. "நமக்கென்ன, இன்னும் எத்தனை நாள்?" என்பது நம் வயதுக்காரர்களின் பல்லவி. அதுவும் அதே நோய்தான். அதற்கு மருந்து பிள்ளைகளிடம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கலவரப் படத்தை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன். பேத்தி இரண்டு நிமிடத்தில் அது பல வருடத்துக்கு முந்தைய படம், நம் நாட்டுப் படமே அல்ல என்று காட்டினாள். வெட்கமாக இருந்தது. நாலு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அறுபத்தெட்டு வயதில் அது சுலபமில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறாள்.

ஓட்டு விஷயமும் அப்படித்தான். 1977 மார்ச் தேர்தல் நடந்தபோது எனக்கு ஓட்டு இல்லை. அன்று வயது வரம்பு 21. பாலிடெக்னிக் விடுதி மாடியிலிருந்து வரிசையை வேடிக்கை பார்த்தேன். அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் அமலாகி, 1989-இல்தான் அது 18 ஆனது. இதைச் சொன்னபோது, "யாரையும் பிடிக்கலைன்னா?" என்றாள். 'மேற்கண்ட யாருக்கும் இல்லை' என்ற பொத்தானே ஒரு குடியுரிமை அமைப்பு 2004-இல் போட்ட வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்தது என்றேன். "ஒரு பட்டனுக்கு ஒன்பது வருஷமா!" என்றாள். ஆமாம், ஒன்பது வருஷம்.

பிழைக்க வந்த இடத்தில்?

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும். "நாம் பிழைக்க வந்தவர்கள். வேற்று மாநிலத்தில் நமக்கேன் இந்த வம்பு?" என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் பலர் கேட்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். பிள்ளைகள் எதையாவது இணையத்தில் எழுதி வேலைவாய்ப்பைக் கெடுத்துக்கொள்வார்களோ என்ற கவலையும் நியாயமானதே. அதற்காகத்தான் வீட்டில் பேசவேண்டும் என்கிறேன். கோபத்தைக் கொட்ட வீட்டில் இடம் இருந்தால், அதை வெளியில் எப்படிச் சொல்லுவது என்று நிதானமாக யோசிக்கலாம்.

மேலும், நம் பேரப் பிள்ளைகள் பிழைக்க வந்தவர்கள் அல்லவே. பிறந்தது இந்த மாநிலம், படிப்பது இந்த மாநிலம், நடப்பது இந்தத் தெருவில்.

எப்படிச் செய்வது என்பதற்கு இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1956 அக்டோபர் 14-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய தீட்சாபூமி நம் நாக்பூரில்தான் உள்ளது. ஒவ்வொரு ஆண்டும் விஜயதசமியை ஒட்டி வண்டி வண்டியாக மக்கள் வந்து இறங்குவதை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறேன். அங்கே புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். கைநாட்டுப் பாட்டி ஒருவர் மடியிலிருந்து ரூபாயை எடுத்துப் பேரனுக்குச் சட்டப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, "இதை எனக்குப் படிச்சுக் காட்டு" என்று மராத்தியில் சொன்னதை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சில யோசனைகள்

எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கைச் சொல்லுகிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பிக்குப் பிறகு ஒரு மணி நேரம். முதல் கேள்வி சிறியவர் கேட்கவேண்டும். கட்சிக்கு ஆள் சேர்க்கக்கூடாது (என் மாப்பிள்ளை ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, இருந்தும் பேசுகிறோம்). தெரியாததைத் தெரியாது என்று பெரியவர் ஒப்புக்கொள்ளவேண்டும். நாம் தோற்றதையும், பயந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாதம் ஒரு சின்னக் காரியம் சேர்ந்து செய்யவேண்டும்: ஒரு மனு, ஒரு கடிதம், ஒரு அலுவலகத்துக்கு நேரில் போவது.

நம் சங்கச் செயற்குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் பேரப் பிள்ளைகளைப் பாட வைக்கிறோம், ஆட வைக்கிறோம். ஒரே ஒரு மாலை அவர்களையும் தாத்தா பாட்டிகளையும் எதிரெதிரே உட்காரவைத்து, அவர்கள் கேட்பதற்கு நாம் பதில் சொல்ல ஏற்பாடு செய்தால் என்ன? ஒலிபெருக்கி வேண்டாம். காப்பிச் செலவு என்னுடையது.

பேத்தியின் வாக்காளர் படிவம் இன்னும் நிரப்பப்படவில்லை. மனம் மாறிவிட்டாள், ஆனால் எந்த முகவரி என்பதில் தகராறு. புனே வீட்டு முகவரியே இருக்கட்டும் என்கிறாள் என் மகள். "அந்த விளக்கு இங்கதானேம்மா இருக்கு" என்று பேத்தி தினமும் தொலைபேசியில் வாதாடுகிறாள். நான் இதில் யார் பக்கமும் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.